நாற்பது நகல் எடுத்தவள் எழுதுவது: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நகராட்சி அலுவலக வாசலுக்கு நேர் எதிரே, வேப்பமரத்துக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிற நகலகத்தை நடத்துபவள் நான். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். மீதிப் பேருக்கு என் கடையின் ஸ்டேப்ளர் தெரியும். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. 2022 தேர்தலின்போது தமிழ்நாட்டில் 138 நகராட்சிகள் இருந்தன. படிக்கிற வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் படித்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது என்று நினைக்கிறேன்.

சென்ற மார்ச் மாதம் ஒரு மாலை ஆறு மணிக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, 64 பக்கம், 40 நகல், ஸ்பைரல் போட வேண்டும், காலை பத்து மணிக்குள் வேண்டும். மன்றக் கூட்டம் பதினொரு மணிக்கு. நானும் என் தங்கை மகனும் இரவு பன்னிரண்டரை வரை இயந்திரத்தோடு மல்லுக்கட்டினோம். மறுநாள் பன்னிரண்டு மணிக்கெல்லாம் நீங்கள் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தீர்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். ஒரு மணி நேரத்தில் 64 பக்கம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இரங்கல் தீர்மானமும், இரண்டு உறுப்பினர்களின் குப்பை வண்டிச் சண்டையும், மாலை மரியாதையும் நடந்திருக்கின்றன. ஆகவே அந்த ஆவணத்தை முழுதாகப் படித்த முதல் ஆள், அநேகமாக ஒரே ஆள், நான்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நகலெடுக்கிறவர் படிக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். பத்திரம், ஜாதகம், விவாகரத்து மனு எதையும் நான் படிப்பதில்லை. பட்ஜெட் பொது ஆவணம். அதற்கு அந்த விலக்கு உண்டு. மேலும் நான் அடிப்படையில் தட்டச்சுக்காரி. உயர்நிலைத் தேர்வு தமிழிலும் ஆங்கிலத்திலும் தேறியவள். எழுத்துப் பிழை கண்ணை உறுத்தும். உங்கள் பட்ஜெட்டில் ஒரு பக்கத்தில் 'மழைநீர் வாடிகால்' என்று இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டும் வாடிகால்தான். அதற்கும் முந்தைய ஆண்டு பிரதியைத் தேடிப் பார்த்தேன், அங்கேயும் வாடியிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் மறுபடி எழுதவில்லை, பழைய கோப்பைத் திறந்து ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது அந்த ஓர் எழுத்தில் தெரிந்துபோயிற்று. அதே பக்கத்தில் 'பூங்கா மேம்பாடு' என்ற இனம் மூன்று ஆண்டும் ஒரே தொகையோடு இருக்கிறது. பூங்காவின் பூட்டும் மூன்று ஆண்டாக அதே பூட்டுதான்.

இப்போது இன்னொரு மார்ச் வருகிறது. 2022 மார்ச் 2-ஆம் தேதி நீங்கள் பதவியேற்றீர்கள். 2026-27க்கான பட்ஜெட்தான் இந்த மன்றம் கிட்டத்தட்ட முழு ஆண்டுக்கும் பொறுப்பேற்று நடத்தப் போகும் கடைசி பட்ஜெட். சட்டமன்றத் தேர்தலும் இதே ஆண்டில் வருவதால், வரி என்ற சொல்லையே நாவில் எடுக்காமல் கூட்டத்தை முடித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் முன்கூட்டி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரியை ஏற்றாதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. என் வீடு 580 சதுர அடி. அரையாண்டுக்கு 540 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன். 2022 சீராய்வில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு எங்களைப் போன்ற ஊர்களில் 25 சதவீதம் என்றார்கள், 675 ஆனது. பிறகு வந்த 6 சதவீதத்தில் 716. ஒரு சமையல் எரிவாயு உருளையின் விலைகூட இல்லை. அதை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் தெருவிளக்கு எரிய வேண்டும், குப்பை அள்ள வேண்டும், சாக்கடை தூர் வார வேண்டும் என்று எதிர்பார்ப்பவள், ஏற்றாதே என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

உண்மையில், ஏற்றாமல் இருந்ததுதான் இந்த ஊரைக் கெடுத்தது. எங்களைப் போன்ற ஊர்களில் அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 2008-இல் நடந்தது. அடுத்த பத்து ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2018-இல் திடீரென்று வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, வாடகைக் கட்டடங்களுக்கும் கடைகளுக்கும் 100 சதவீதம் வரை என்றார்கள். 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்த மாதம் என் கடையில் நடந்த பேச்சை மறக்க முடியாது. முதல் ஆளாக வரிசையில் நின்று கட்டிய ஓய்வுபெற்ற தபால்காரர் ரசீதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு ரூபாயும் கட்டாதவர் அவர் தோளைத் தட்டி, "அவசரப்பட்டுவிட்டீர்களே அண்ணே" என்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

2022-இல் மறுபடி ஏற்றினார்கள். சென்னையை விட்டுப் பிற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் வீடுகளுக்கு நான்கு படி: 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். தொழிற்கூடங்களுக்கு 75. கடை, வணிக வளாகங்களுக்கு 100. சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற படிக்கட்டு எனக்கு நியாயமாகவே பட்டது, இன்றும் படுகிறது. பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநிலத்தின் ஐந்தாண்டு சராசரி உற்பத்தி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அது என்று விதி வந்தது. ஆண்டுக்கு 6 என்றால் பன்னிரண்டு ஆண்டில் இரு மடங்கு. இதை மக்களிடம் யாரும் நேராகச் சொல்வதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக அதிர்ச்சி அடைகிறார்கள். பதினான்கு ஆண்டு தூங்கிவிட்டு ஒரே அடியாக எழுந்து அடிப்பதைவிட ஆண்டுக்கு ஆறு எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. டீக்கடையில் இந்தக் கருத்துக்கு ஆதரவு கிடையாது.

இதில் உங்கள் கை எவ்வளவு நீளம் என்பதும் எனக்குத் தெரியும். ஏற்றச் சொன்னது சென்னை. சென்னைக்குச் சொன்னது டெல்லி. பதினைந்தாவது நிதிக் குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநில வளர்ச்சியோடு சேர்ந்து வசூலையும் வளர்த்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டது. அதன் காலம் 2026 மார்ச் வரைதான்; 2026 ஏப்ரல் 1 முதல் பதினாறாவது குழுவின் காலம். தொழில் வரியையாவது கூட்டலாம் என்றால், ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. அந்த உச்சவரம்பு 1988 திருத்தத்தில் வைத்தது. அன்றைய 2,500 என்ன, இன்றைய 2,500 என்ன? எனவே 'மேலிடத்து உத்தரவு, நாங்கள் என்ன செய்ய' என்று நீங்கள் சொல்லும்போது அது முழுப் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

விகிதம்தான் மேலிடம் சொல்வது. யார் வீடு எத்தனை சதுர அடி, அது வீடா கடையா, அது பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா, இந்த மூன்றையும் சொல்வது நம் ஊர். வருவாய் உதவியாளர் அளக்கிறார், வருவாய் ஆய்வாளர் பார்க்கிறார், ஆணையர் கையெழுத்துப் போடுகிறார், உறுப்பினர்கள் பார்த்தும் பார்க்காமலும் இருக்கிறீர்கள். சென்னையிலிருந்து யாரும் வந்து நம் ஊர்க் கட்டடத்தில் டேப் பிடிக்கவில்லை.

இனி, என் கண்ணாடித் தட்டில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எவர் பெயரையும் தெருவையும் சொல்லப் போவதில்லை. வங்கிக் கடனுக்கு வருகிறவர்கள் இரண்டு தாள்களைச் சேர்த்து நகலெடுப்பார்கள்: மின் கட்டண ரசீது, சொத்து வரி ரசீது. ஒரே கதவு எண். மின் ரசீதில் வணிகக் கட்டண விகிதம். சொத்து வரி ரசீதில் 'குடியிருப்பு'. முதல் முறை பார்த்தபோது தவறாக வைத்துவிட்டோமோ என்று திருப்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது. மின்சார வாரியத்துக்குக் கடையாக இருக்கிற கட்டடம், சாலையைக் கடந்து உங்கள் அலுவலகத்துக்குள் வந்ததும் வீடாகிவிடுகிறது. மின்சாரக்காரர் மீட்டர் வைத்திருப்பதால் அவரை ஏமாற்ற முடியவில்லை. உங்களிடம் மீட்டர் இல்லை.

சில கட்டடங்கள் மூன்று மாடி. மேலே பயிற்சி வகுப்பு, நடுவில் விடுதி, கீழே மருந்துக் கடை. வரி ரசீதில் ஒரே தளம், 900 சதுர அடி, குடியிருப்பு. 2022-க்குப் பிறகு இந்த விளையாட்டில் லாபம் கூடியிருக்கிறது என்பதை யாராவது யோசித்தீர்களா? 900 சதுர அடி வீடு என்றால் உயர்வு 50 சதவீதம். அதையே உண்மையில் இருக்கிறபடி கடையாகக் காட்டியிருந்தால் அடிப்படை விகிதமே கூடுதல், அதன்மேல் உயர்வு 100. அதாவது நியாயமாக இருக்கட்டும் என்று அரசு கட்டிய படிக்கட்டு, ஒளிந்துகொள்கிறவனுக்கு இன்னும் வசதியான மறைவிடமாகிவிட்டது. அதன்மேல் ஆண்டுக்கு ஆறு ஏறும்போது, அவனுடைய பொய்யின் மீது ஆறு ஏறும், என்னுடைய உண்மையின் மீதும் ஆறு ஏறும். இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் அகலமாகும்.

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பாட்டி அறிவிப்புத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார், படித்துச் சொல் என்று. வீட்டின் பரப்பு கூடியிருப்பதாக மறுமதிப்பீடு. வீட்டை ஒட்டிப் போட்டிருக்கிற தகரக் கொட்டகையைச் சேர்த்து அளந்திருக்கிறார்கள். "அதில் யார் பாட்டி இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "லட்சுமியும் அவள் குட்டியும்" என்றார். லட்சுமி ஆடு. ஆட்சேபணை மனு எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அது பிற்பாடு சரிசெய்யப்பட்டது, அதற்கு நன்றி. ஆனால் ஆட்டுக் கொட்டகை வரை எட்டிய டேப், நான்கு தெரு தள்ளி மூன்று மாடிக்கு ஏன் எட்டவில்லை என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. படி ஏற முழங்கால் வலியோ என்னவோ.

வசூலிலும் இதே கதை. ஒவ்வோர் அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் வரை. நல்ல திட்டம். அந்த இரண்டு மாதமும் என் கடையில் கூட்டம் அலைமோதும். இணையத்தில் கட்டித் தர நான் இருபது ரூபாய் வாங்குகிறேன். வருகிறவர்கள் யார்? ஓட்டு வீடு, சிறிய மாடி வீடு, மாத ஓய்வூதியக்காரர்கள், பூக்கடைக்காரர் மனைவி. அவர்களுக்கு முப்பது, நாற்பது ரூபாய் மிச்சமாவது பெரிது. பெரிய வளாகங்களுக்காக யாரும் ஏப்ரலில் வந்து நான் பார்த்ததில்லை. பிப்ரவரியில் குடிநீர் இணைப்பைத் துண்டிக்க உங்கள் ஊழியர்கள் கிளம்புவார்கள். அந்தக் குழுவின் வண்டி எந்தத் திசையில் திரும்புகிறது என்பதையும் கடையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புகிறது. கடைவீதி வலப்பக்கம்.

ஊழியர்களைக் குறை சொல்லி முடித்துவிடுவதும் சரியில்லை. ஒரு வருவாய் உதவியாளர் தலையில் எத்தனை வார்டு என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு பெரிய கட்டடத்தை அளக்கப் போனால் அவருடைய கைபேசிக்கு எத்தனை பேரிடமிருந்து அழைப்பு வருகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது பட்ஜெட்டுக்கு வருகிறேன். அந்த 64 பக்கத்தில் சொத்து வரி எவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பது இருக்கிறது. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று கணக்காகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். விளக்கு எரிய மின் கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கட்டும் தொகை, சம்பளம், ஓய்வூதியம், ஒப்பந்தத் துப்புரவுப் பணி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எதிர்பார்க்கும் தொகை சென்ற ஆண்டின் தொகையைவிடக் கொஞ்சம் கூட. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான். கேட்பு (கட்டச் சொல்லிக் கேட்கும் மொத்தத் தொகை) எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்ற மூன்று எண்களை ஊர் முழுமைக்கும் ஒரே வரியில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறீர்கள். அந்த ஒரு வரிக்குள்தான் ஊரே இருக்கிறது. நிலுவை வைத்திருப்பது ஆயிரம் ஓட்டு வீடா, பத்து வளாகமா? எவ்வளவு பகுதி நீதிமன்ற வழக்கில் முடங்கியிருக்கிறது? எவ்வளவு அரசு அலுவலகங்களே கட்டாமல் வைத்திருப்பது? எதுவும் தெரியவில்லை. வாங்கப் போவதை அணா பைசா சுத்தமாகச் சொல்கிறீர்கள். யாரிடம் வாங்காமல் விட்டீர்கள் என்பதைச் சொல்வதில்லை. என்னிடம் ஆறு சதவீதம் கூடக் கேட்பதற்கு முன்னால், எனக்குத் தெரிய வேண்டியது அந்த இரண்டாவது கணக்கு.

நடுவில் நூலக வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொத்து வரி ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலகத்துக்கென்று வாங்குகிறீர்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, 1948-இல். அந்தப் பணம் நகராட்சியுடையது அல்ல. வாங்கி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பணம்; நீங்கள் வெறும் தபால்காரர். வாங்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று பட்ஜெட்டில் இரண்டு எண்ணை அருகருகே போடுவதற்கு என்ன கஷ்டம்? நம் கிளை நூலகத்தில் மழைக்காலத்தில் புத்தக அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கிறார்கள், ஓதம் ஏறாமல் இருக்க. என் 716 ரூபாய் ரசீதிலும், ஆட்டுக் கொட்டகைப் பாட்டியின் ரசீதிலும் அந்தப் பத்துக் காசு இருக்கிறது.

பகுதி சபை என்று ஒன்று இருப்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று மாநிலம் முழுவதும் தொடங்கினார்கள். முதலமைச்சரே பம்மலில் ஒரு வார்டுக் கூட்டத்தில் உட்கார்ந்தார். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று என்று நாங்களும் நம்பினோம். எங்கள் வார்டில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மிக்சர் எல்லாம் இருந்தது. பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ் விஷயம் அக்கா, உங்கள் தெருவில் விளக்கு எரிகிறதா, அதைச் சொல்லுங்கள்" என்றார்கள். விளக்கு எரிகிறது. அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது ஊர்க் கூட்டத்தில் என்ன வேலை வேண்டும் என்று மக்களையே கேட்டார்கள். புனே மாநகராட்சியில் 2006-லிருந்து பட்ஜெட் தயாரிக்கும் முன்பே வார்டு மக்களிடம் பரிந்துரை வாங்கும் வழக்கம் இருக்கிறது. அங்கெல்லாம் தேன் ஓடுகிறது என்று சொல்லவில்லை. கேட்கவாவது கேட்கிறார்கள்.

குடவோலையை நீங்கள் மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலம், உலகத்துக்கே தேர்தல் கற்றுக்கொடுத்தோம் என்று. அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவன் மறுபடி நிற்கக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. பேச்சில் அந்த வரிக்கு வரும்போது மட்டும் ஒலிபெருக்கி கரகரக்கிறது.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. தேர்தல் அன்று எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் அஜெண்டா நகல் வாங்க வருவது உறுப்பினர்களின் கணவர்கள். சென்ற ஆண்டு பட்ஜெட் புத்தகத்தையும் அவர்கள்தான் வாங்கிப் போனார்கள். 2023 ஜூலையிலிருந்து உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் கொடுக்கிறார்கள். யாரும் அதன்மேல் கண் வைக்கவில்லை, இன்னும் கூடக் கொடுக்கலாம் என்பேன். அம்மா, அந்தப் பணம் உங்கள் பெயரில்தான் வருகிறது. புத்தகத்தையும் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் கணக்கில் பால்காரர் ஐந்து ரூபாய் கூட எழுதினால் கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். அந்தக் கண் மன்றத்துக்குத்தான் தேவை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தாள், இரண்டு பக்கம். வார்டு வாரியாக எத்தனை வரி விதிப்பு எண்கள், அவற்றில் வீடு எத்தனை, கடை எத்தனை, தொழிற்கூடம் எத்தனை, காலி மனை எத்தனை. ஒவ்வொன்றிலும் கேட்பு, வசூல், நிலுவை. அதிக நிலுவை உள்ள நூறு எண்கள். பெயர் போடத் தயக்கமாக இருந்தால் வீடா, வணிகமா, அரசு அலுவலகமா என்று மட்டும் போடுங்கள். வணிக மின் இணைப்பு இருந்தும் குடியிருப்பு வரி கட்டும் கதவு எண்கள் எத்தனை என்று ஓர் எண். மின்சார வாரியத்திடம் பட்டியல் இருக்கிறது. உங்களிடம் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான் வேலை. எனக்குத் தெரியாத அறிவியல் எதுவும் அதில் இல்லை. என் கண்ணாடித் தட்டில் தினமும் நடப்பதுதான்.

அந்தத் தாளைப் பகுதி சபைகளில் படித்துவிட்டு, அதன் பிறகு ஆறு சதவீதத்தைத் தீர்மானம் போடுங்கள். நான் ஏப்ரல் முதல் வாரமே கட்டிவிடுகிறேன். தபால்காரரையும் அழைத்து வருகிறேன், அவர் இப்போதெல்லாம் ஏப்ரல் 30 வரை காத்திருந்துதான் கட்டுகிறார்.

பட்ஜெட் புத்தகத்தை இந்த முறை ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்தனுப்பினால் இரவு வேலை மிச்சம். உறுப்பினர்களுக்குப் படிக்கவும் நேரம் இருக்கும். 'வாடிகால்' என்பதை நானே வடிகால் ஆக்கித் தருகிறேன், அதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். சென்ற மார்ச்சில் 64 பக்கம், 40 நகல், பக்கம் ஒரு ரூபாய் வீதம் 2,560. ஸ்பைரல் இருபது ரூபாய் வீதம் 800. ஆக 3,360 ரூபாய்க்குப் பில் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டுவிட்டேன், 'பாஸ் ஆகவில்லை' என்றார்கள். நிலுவைப் பட்டியல் தயாரிக்கும்போது நகராட்சி கட்ட வேண்டிய பக்கத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எதிர் நகலகக்காரி